சாவியைக் கடைசியில் தொடுங்கள்: நெடுநாள் கிடந்த படகு டீசலைப் பற்றி

நெடுநாள் ஓடாமல் கிடந்த டீசல் என்ஜின் ஒன்று கைக்கு வந்தவுடன் எவருக்கும் எழும் முதல் ஆசை, பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான். அதுவரை தப்பிப் பிழைத்திருந்த என்ஜின்கள் பல, அந்த ஒரு நிமிடத்தில் கெட்டுப்போகின்றன. சிலிண்டருக்குள் நீர் தேங்கியிருந்தால், மேலேறும் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிஸ்டன் வளையங்கள் துருவால் சிலிண்டர்ச் சுவரோடு ஒட்டியிருந்தால், செல்ஃப் மோட்டாரின் திடீர் விசையில் அவை உடையும். தொட்டியின் அடியில் கிடக்கும் நீரும் கசடும் எரிபொருள் பம்ப்புக்குள் இழுக்கப்பட்டால், அதுவரை நன்றாக இருந்த பம்ப்பும் பழுதாகும். ஆகவே, படகோடு சேர்ந்து என்னிடம் வந்த மூன்று சிலிண்டர் டீசலை மீண்டும் ஓடவைக்கும் வேலையில் சாவிக்குக் கடைசி இடத்தையே கொடுத்தேன்.

இந்த என்ஜின் மின்னணுப் பாகம் எதுவும் இல்லாத பழைய வகையைச் சேர்ந்தது. எரிபொருளை அழுத்திச் செலுத்துவது முழுக்க இயந்திரப் பம்ப்; என்ஜினுக்குள் சுற்றுவது கூலன்ட்; அந்தக் கூலன்டை வெப்பமாற்றியில் குளிரவைப்பது வெளியிலிருந்து எடுக்கப்படும் கடல்நீர். வேலை முடிந்த கடல்நீர் புகைக்குழாயில் கலந்து, புகையையும் குளிரவைத்து, அதனோடு சேர்ந்து வெளியேறுகிறது. சாலையில் ஓடும் டீசலுக்கும் படகு டீசலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்தக் கடைசி ஏற்பாட்டில்தான் இருக்கிறது. புகைக்குழாய், பம்ப்பின் சீல், எரிபொருள் தொட்டியின் மூச்சுக்குழாய் என நீர் உள்ளே வருவதற்குப் படகில் எத்தனையோ வழிகள் உண்டு. கைவிடப்பட்ட படகு டீசலைப் பழுதுபார்க்கும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது இரண்டே கேள்விகள்: போகக்கூடாத எந்த இடத்துக்கு நீர் போயிருக்கிறது? போகவேண்டிய எந்த இடத்துக்கு அது போகாமல் இருக்கிறது?

கருவிகளைக் கையில் எடுப்பதற்கு முன்பே முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். என்ஜினின் வெளிப்புறத்தில், குறிப்பாகச் செல்ஃப் மோட்டாரின் உயரத்தில், உப்பும் துருவும் ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் படிந்திருக்கிறதா என்று டார்ச் விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். அப்படிக் கோடு இருந்தால், படகின் அடிப்பள்ளத்தில் ஒரு காலத்தில் அந்த உயரம்வரை நீர் ஏறி நின்றிருக்கிறது என்று பொருள். செல்ஃப் மோட்டாரும் கியர்பாக்ஸும் அப்போதே சந்தேகத்துக்கு உரியவை ஆகிவிடுகின்றன. அடுத்து, ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப்ஸ்டிக் குச்சி. ஆயில் கருப்பாக இருப்பது இயல்பு. பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. மட்டம் மேல் கோட்டையும் தாண்டி நின்றால், யாரோ தாராளமாக ஊற்றிவிட்டார் என்று எண்ணி நகர்ந்துவிடக் கூடாது. நீரோ டீசலோ உள்ளே இறங்கியிருக்கிறது. தொட்டியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப்பின் டயஃப்ரம் என்னும் சவ்வு கிழிந்திருந்தால், டீசல் நேராக என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் போய்ச் சேரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு துளி ஆயிலை விரல்களில் தேய்த்து முகர்ந்து பார்த்தாலே போதும். நீண்ட நாள் அசையாமல் நின்ற என்ஜினில் நீர் ஆயிலுக்கு அடியில் தனியாக இறங்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். டிப்ஸ்டிக்கில் நல்ல ஆயில் தெரிவதால் மட்டும் சம்ப்பின் அடியில் நீர் இல்லை என்று ஆகிவிடாது. உறிஞ்சுகுழாயை அடிவரை இறக்கி முதலில் வருவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்ப்பதுதான் நம்பத்தக்க சோதனை.

இந்தக் கட்டத்தில் சிலர் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். கசிவு எங்கே என்று காட்டிக்கொடுக்கும் உப்புத் தடங்களும் ஆயில் கறைகளும் அந்தப் பெயின்டுக்கு அடியில் மறைந்துவிடும். பெயின்ட் டப்பா அலமாரியிலேயே இருக்கட்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு குழாயையும் ஒயரையும் படம் பிடித்துச் சீட்டு ஒட்டி வைத்தால், பின்னால் பல மணி நேரம் மிச்சமாகும்.

அடுத்த கேள்வி, என்ஜின் சுற்றுகிறதா என்பது. கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் உள்ள கப்பியின் நட்டில் நீண்ட பிடியுள்ள சாக்கெட் ஸ்பேனரை மாட்டிக் கையால்தான் இதைச் சோதிக்க வேண்டும். அதற்கும் முன்பாக, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிடுவதையே நான் விரும்புகிறேன். கழற்றிவிட்டால் சிலிண்டருக்குள் நீர் இருந்தாலும் அது வெளியே வர வழி இருக்கும். அமுக்கத்தின் எதிர்ப்பு இல்லாததால் கைக்குத் தட்டுப்படுவது துருவின் பிடி மட்டுமே என்பதும் உறுதியாகும். பழைய இன்ஜெக்டர்கள் கார்பனாலும் துருவாலும் தம் இருக்கையில் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஓரிரவு விட்டுவிட்டு, மறுநாள் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். நெம்புகோலைப் போட்டு மேல்நோக்கி நெம்பினால் இன்ஜெக்டரோ சிலிண்டர் ஹெட்டோ சேதமாகும். இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர் சில வேளைகளில் குழிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதை எடுக்காமல் மேலே புதிய வாஷரைப் போட்டு இறுக்கினால், தெளிப்பு முனையான நாசில் இருக்கவேண்டிய ஆழத்தில் இராது.

என்னுடைய என்ஜின் சுற்றவில்லை. இதில் மனம் தளர ஒன்றுமில்லை, ஏனென்றால் மூன்று சிலிண்டர்களும் ஒன்றுபோல் துருப்பிடிப்பது அரிது. என்ஜின் நின்ற நிலையில் எந்தச் சிலிண்டரின் வெளியேற்று வால்வு திறந்திருந்ததோ, அந்தச் சிலிண்டருக்குள்தான் புகைக்குழாயின் ஈரக்காற்று நேராகப் புகுந்திருக்கும். வால்வுகள் மூடியிருந்தவை ஏறக்குறைய அடைத்து வைத்த குப்பிகளாக இருந்திருக்கும். வால்வுகளின் மேலிருக்கும் டேப்பட் மூடியைத் திறந்து எந்த வால்வு அமுங்கி நிற்கிறது என்று பார்த்தால், குற்றவாளி எந்தச் சிலிண்டர் என்பது அப்போதே தெரியும். இன்ஜெக்டர் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, வளையங்களைச் சுற்றி அது கீழிறங்க நேரம் கொடுத்து, குறைந்துபோனதை மீண்டும் நிரப்பி, நாளுக்கு ஒருமுறை ஸ்பேனரில் மிதமான விசை கொடுத்துப் பார்க்க வேண்டும். அசைவு தெரிந்த அன்று ஒரேயடியாகச் சுற்றிவிடாமல், முன்னும் பின்னுமாக ஒரு விரல் அகலம், பிறகு இரண்டு விரல் அகலம் என்று வழியைப் பெருக்கிக்கொண்டு போவதே முறை. துருத் தூள் எண்ணெயில் மிதந்து வெளியேறக் கிடைக்கும் நேரம்தான் சிலிண்டர்ச் சுவரைக் கீறலிலிருந்து காக்கிறது. முன்னும் பின்னும் ஆட்டப்போகிறோம் என்பதால், கடல்நீர்ப் பம்ப்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் அதன் இதழ்கள் எதிர்ப்பக்கம் மடங்கி முறியும். கப்பியின் நட்டே கழன்று வருகிறதா என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும்.

சுத்தியலைப் பற்றி ஒரு வார்த்தை. பிஸ்டனின் தலையில் மரக்கட்டையை வைத்து அடித்து இறக்கும் பழக்கம் ஹெட்டைக் கழற்றிய என்ஜினுக்கு, வேறு வழியே இல்லாதபோது மட்டும் பொருந்தும். இன்ஜெக்டர் துளை வழியாகக் கம்பியை விட்டு அடிப்பவர்கள், அலுமினியப் பிஸ்டனில் ஓட்டை போடுவதற்குத்தான் உழைக்கிறார்கள்.

என்ஜின் சுற்றத் தொடங்கியதும் டேப்பட் மூடியை உடனே மூடிவிடாமல், ஒவ்வொரு வால்வும் அமுங்கி மீண்டும் எழுகிறதா என்று கையால் சுற்றியபடியே பார்க்க வேண்டும். பிஸ்டன் விடுபட்ட மகிழ்ச்சியில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வெளியேற்று வால்வு அதன் வழிக்குழலில் துருவால் இறுகிக் கிடந்தால், அதை இயக்கும் புஷ் ராடு வளையும். திறந்தபடியே நின்றுவிட்டால், ஏறிவரும் பிஸ்டன் அதன்மேல் மோதவும் கூடும். தண்டில் எண்ணெய் விட்டு, மென்மையான சுத்தியலால் ஸ்பிரிங்கின் மேல் இலேசாகத் தட்டி ஒவ்வொன்றையும் இளக்கிவிட்டு, பிறகு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்துக் கையேட்டில் சொன்ன இடைவெளிக்குச் சரிசெய்தேன்.

ஆயில் மாற்றுவதில் சொல்ல அதிகமில்லை. படகில் சம்ப்பின் அடித்திருகுக்குக் கை எட்டாது. டிப்ஸ்டிக் குழாய் வழியாகப் பம்ப் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். எரிப்பில் உண்டாகும் அமிலப் பொருள்கள் பழைய ஆயிலில் தங்கி, பேரிங்குகளை மெல்ல அரித்துக்கொண்டிருப்பதால், நிறம் நன்றாக இருந்தாலும் அதை வெளியேற்றியாக வேண்டும். முதலில் ஊற்றும் ஆயில் கழுவுவதற்கானது என்ற எண்ணத்தோடு, விலை குறைந்த ஆனால் தரம் பொருந்திய ஆயிலை ஊற்றி, சிறிது ஓட்டியபின் ஃபில்டரோடு சேர்த்து மீண்டும் மாற்றிவிடுவது நல்லது.

ஆனால் ஆயிலில் நீர் இருந்தது என்றால், மாற்றிவிட்டு மறந்துவிட முடியாது. அது வந்த வழியைக் கண்டுபிடிக்காதவரை புது ஆயிலும் பால் நிறமாகத்தான் போகும். ஹெட் கேஸ்கெட்டைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள். கூலன்டின் மட்டம் குறையாமல் இருக்க, ஆயிலில் மட்டும் நீர் இருந்தால், என் சந்தேகம் கடல்நீர்ப் பம்ப்பின்மேல்தான் போகும். என்ஜினின் கியர் மூடியோடு நேராகப் பொருத்தப்பட்ட பம்ப்புகளில், ஒரே தண்டின்மேல் இரண்டு சீல்கள் இருக்கும்: ஒன்று நீரைத் தடுக்க, மற்றது ஆயிலைத் தடுக்க. இரண்டுக்கும் நடுவில், பம்ப்பின் அடிப்பக்கம் திறக்கும் ஒரு சிறு துளை உண்டு. நீர் சீல் தேய்ந்தால் கசிவு அந்தத் துளை வழியாக வெளியே சொட்டி, உரிமையாளரை எச்சரிக்க வேண்டும் என்பதே அமைப்பு. சொட்டுவதைப் பார்த்துச் சலித்த யாராவது அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்திருந்தாலோ, அது உப்பும் துருவும் சேர்ந்து தானே அடைபட்டிருந்தாலோ, நீருக்கு எஞ்சும் ஒரே வழி ஆயில் சீலைத் தாண்டி என்ஜினுக்குள் போவதுதான். என்னுடைய பம்ப்பில் அந்தத் துளை இருந்த இடமே தெரியவில்லை. மெல்லிய கம்பியால் துளையைத் திறந்து, இரண்டு சீல்களையும் பேரிங்கையும் மாற்றியபின் ஆயிலில் நீர் வருவது நின்றது.

எரிபொருள் தொட்டியில்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது. பாதி காலியான தொட்டிக்குள் இரவும் பகலும் காற்று வெப்பத்தால் விரிந்து சுருங்கும்போது, மூச்சுக்குழாய் வழியாக ஈரக்காற்று உள்ளே வந்து சுவரில் குளிர்ந்து நீராகிறது. டீசலைவிட அடர்த்தி மிகுந்த நீர் அடியில் தங்குகிறது. இந்த நீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. ஹார்மோகோனிஸ் ரெசினே என்னும் பூஞ்சை இவற்றில் பேர்போனது. டீசலில் உள்ள ஹைட்ரோகார்பன்களே அதற்கு உணவு. பழுப்பும் கருப்புமான வழவழப்பான படலமாக வளரும் இது, படகு அலையில் ஆடும்வரை அடியில் அமைதியாகக் கிடந்து, ஆடத் தொடங்கியதும் கலங்கி ஃபில்டரை அடைத்துவிடும். துறையில் கட்டியிருக்கும்போது ஒழுங்காக ஓடும் என்ஜின், கடல் கொந்தளிக்கும்போது பார்த்து நின்றுபோவதற்கு முக்கியமான காரணம் இதுவே. டீசலில் தாவரவழி எரிபொருள் கலந்திருந்தால் அது ஈரத்தை இன்னும் அதிகமாகப் பிடித்து வைக்கும் என்பதால், வளர்ச்சியும் விரைவாக நடக்கும்.

நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தை ஊற்றினால் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மருந்து கொல்லும், ஆனால் செத்தவை எங்கும் போய்விடுவதில்லை, திரளாகப் பிரிந்து ஃபில்டருக்குத்தான் வரும். சுத்தமாக்கிய தொட்டியை அப்படியே வைத்திருக்க மருந்து உதவும், அழுகிய தொட்டியைச் சுத்தமாக்க உதவாது. ஆய்வு மூடியைத் திறந்து, பழைய டீசல் முழுவதையும் இறைத்து, தடுப்புச் சுவர்களுக்குப் பின்னாலும் கைவிட்டுத் துடைத்து, அடிமூலையில் ஈரம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்வதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது. இறைத்ததைக் கடலிலோ சாக்கடையிலோ விடாமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்டால், இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் உள்ளமைப்பைச் சொல்லத்தான் வேண்டும். டீசலை அமுக்கும் அதன் பிளஞ்சருக்கும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். ஒரு தலைமயிரின் தடிமன் அதைப்போல் இருபது முப்பது மடங்கு இருக்கும். அந்த இடைவெளிக்கு மசகு கொடுப்பதும் டீசலே. அங்கே ஒரு துளி நீர் சென்று சில வாரங்கள் தங்கினால், பளபளப்பான எஃகின்மேல் துருப்புள்ளி விழும். பம்ப்பை நான் பிரிக்கவில்லை. சோதனை மேடை இல்லாதவர்கள் அதைப் பிரிக்கக் கூடாது என்பதே என் கருத்து. இன்ஜெக்டர்களை மட்டும் பட்டறைக்கு அனுப்பி, திறக்கும் அழுத்தத்தையும் தெளிப்பின் வடிவத்தையும் சோதித்துச் சரிசெய்து வாங்கினேன். என்ஜினின் வகையைப் பொறுத்து அந்த அழுத்தம் ஏறக்குறைய 120 முதல் 250 பார் வரை இருக்கும். அந்த அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும் என்றாலும், உடனடியாக அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. இன்ஜெக்டர் தெளிப்பை விரலால் தொட்டுப் பார்க்கும் வேலை எவருக்கும் வேண்டாம்.

தொட்டி சுத்தமான பிறகும் முதல் ஓட்டத்துக்கு அதை நான் பயன்படுத்தவில்லை. புதிய டீசல் நிரப்பிய ஒரு சிறு கேனை என்ஜினைவிடச் சற்று உயரத்தில் நிறுத்திக் கட்டி, புதிய குழாய் ஒன்றை அதிலிருந்து நேராக ஃபில்டருக்குக் கொடுத்தேன். என்ஜின் ஓடவில்லை என்றால் கோளாறு என்ஜினிலா, தொட்டிக்கும் அதற்கும் இடைப்பட்ட குழாய்களிலா என்ற கேள்விக்கு இந்த ஏற்பாடு ஒரே நொடியில் விடை சொல்லிவிடும். தொட்டியிலிருந்து ஃபீட் பம்ப்வரை உள்ள பாதையில் அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருப்பதால், அங்கே ஒரு இணைப்பு தளர்ந்திருந்தாலும் டீசல் வெளியே கசியாது; காற்றுதான் உள்ளே போகும். கறை எதுவும் தெரியாத இந்தக் கசிவைத் தேடிச் சலித்துப்போனவர்கள் நிறைய உண்டு. கேனில் ஓடி, தொட்டியில் ஓடாத என்ஜின் அந்தத் தேடலைக் கால்வாசியாகக் குறைத்துக் கொடுக்கும்.

இனி இரண்டாவது கேள்வி: போகவேண்டிய நீர் போகிறதா? ரப்பர் இம்பெல்லர் நெடுநாள் ஒரே நிலையில் நின்றதால், அதன் இதழ்கள் மடங்கியபடியே விறைத்திருந்தன. இரண்டைக் காணவே காணோம். காணாமல்போன இதழைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லரைப் போடுவது அரைகுறை வேலை. துண்டுகள் நீரோடு போய், வெப்பமாற்றியின் மெல்லிய குழாய்களின் வாயில்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். மூடியைக் கழற்றியபோது துண்டுகள் அங்கேயே இருந்தன, கூடவே யாரோ முன்பு தொலைத்த, வேறு ஒரு இம்பெல்லரின் இதழும் இருந்தது. குழாய்களுக்குள் படிந்திருந்த சுண்ணாம்பையும் உப்பையும் நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கரைத்து, ஏராளமான நன்னீரால் அலசினேன். வெப்பமாற்றியைக் காப்பதற்காகத் தான் அரிபட்டுக் கரையும் துத்தநாகக் கம்பி இருந்த இடத்தில், திருகின் தலை மட்டுமே மிஞ்சியிருந்தது.

புகையும் கடல்நீரும் கலக்கும் வளைகுழாய் தனிக்கவனம் கேட்கும் பாகம். ஒருபுறம் சூடான புகையும் மறுபுறம் உப்பு நீரும் படுவதால், உள்ளே கார்பனும் உப்பும் கல்போல் கட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்க முழுமையாகத் தெரியும் குழாயின் துவாரம் விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கக்கூடும். புகை வெளியேற வழியில்லாத என்ஜினுக்குப் புதுக்காற்றும் போதுமான அளவு கிடைக்காது. கருப்புப் புகை கக்கி, வேகம் ஏறாமல் திணறும். பம்ப்பையும் இன்ஜெக்டரையும் குறைசொல்லிப் பணம் செலவழிப்பதற்கு முன் இந்த ஒரு குழாயைக் கழற்றிப் பார்ப்பது உத்தமம். அதோடு, என்ஜின் நின்றிருக்கும்போது கடல்நீர் தானாகவே இழுபட்டு உள்ளே வராமல் தடுக்கும் சிறு காற்று வால்வு ஒன்று, நீர்மட்டத்துக்கு மேலே வளைத்துக் கட்டிய குழாயின் உச்சியில் இருக்கும். அது உப்பால் அடைபட்டால் புகைக்குழாய் மெல்ல நிரம்பி, சிலிண்டருக்குள்ளேயே கடல் வந்துவிடும். அதைக் கழற்றி நன்னீரில் கழுவ சில நிமிடங்களே ஆகும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் அதைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. டீசலில் தீப்பொறி கிடையாது. 1897-இல் ஆக்ஸ்பர்கில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய என்ஜினிலிருந்து இன்றுவரை, அமுக்கத்தால் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. சிறிய படகு என்ஜின்களில் காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கப்பட்டு 500 பாகை செல்சியஸுக்கும் மேல் சூடேறும். ஆனால் சுழற்சி மெதுவாக இருந்தால் அந்த வெப்பம் சிலிண்டர்ச் சுவருக்குள் போய்விடுகிறது. வளையங்களின் இடுக்கு வழியாகக் காற்றும் நழுவுகிறது. ஆகவே, சோர்ந்த பேட்டரியும் பச்சை பூத்த கேபிள் முனைகளும் தேய்ந்த என்ஜினைப்போலவே நடிக்கும். ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரியே செல்ஃபைச் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், அதை மாற்றாமல் மேலே போவதில் பயனில்லை. மண்ணிணைப்புக் கேபிளின் இரு முனைகளையும் உலோகம் பளிச்சிடத் தேய்த்து இறுக்கியபின் செல்ஃப் மோட்டாரின் குரலே மாறிவிட்டது.

இதற்குப் பிறகுதான் ஏர் எடுக்கும் வேலை, அதாவது எரிபொருள் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. ஃபீட் பம்ப்பின் கைநெம்பை அமுக்கியபடி, எரிபொருள் போகும் வரிசையிலேயே, முதலில் ஃபில்டரின் திருகையும் அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் திருகையும் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். நெம்பில் எதிர்ப்பே தெரியாமல் தொளதொளவென்று ஆடினால், பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கேம் ஷாஃப்ட் அந்த நெம்பை அமுக்கிய நிலையில் நின்றிருக்கலாம். என்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும். கடைசியில் இன்ஜெக்டர்களுக்குச் செல்லும் உயர் அழுத்தக் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, வேகநெம்பை முழுவதும் திறந்து, நிறுத்தும் நெம்பு ஓடும் நிலையில்தான் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டு, அப்போதுதான் சாவியைத் தொட வேண்டும். சுற்றும்போது அந்த நட்டுகளில் டீசல் வந்ததும் அவற்றையும் இறுக்கிவிட வேண்டும்.

சாவியைத் தொடும்போது கடல்நீர் வால்வு மூடியிருக்க வேண்டும். என்ஜின் பற்றாமல் செல்ஃபில் மட்டும் சுற்றும்போதும் கடல்நீர்ப் பம்ப் இறைத்துக்கொண்டேதான் இருக்கும். அந்த நீரைப் புகைக்குழாயிலிருந்து தள்ளி வெளியேற்றப் புகை இல்லை. நெடுநேரம் சுற்றினால் சைலன்சர் நிரம்பி, நீர் வெளியேற்று வால்வு வழியாகச் சிலிண்டருக்குத் திரும்பிவிடும். இத்தனை வேலையும் முடித்தவர் கடைசிக் கணத்தில் என்ஜினை மூழ்கடிக்கும் வழி இதுதான். பற்றியவுடன் வால்வைத் திறந்துவிட வேண்டும் என்பதால், அதன் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்தேன். தொடர்ந்து சுற்றாமல் பத்து நொடி சுற்றி, செல்ஃப் ஆற ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் சுற்ற வேண்டும். ஈதர் தெளிப்பானை நான் படகிலேயே வைத்திருப்பதில்லை. பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே அது வெடித்து வளையங்களை உடைக்கும்; சூடேற்றும் பிளக் எரிந்துகொண்டிருந்தால் உறிஞ்சுகுழாயிலேயே தீப்பிடிக்கும்.

காற்று உறிஞ்சும் வாயின் அளவுக்கு வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சம்ப்பில் டீசல் கலந்திருந்தாலோ ஆயில் மிகுந்திருந்தாலோ, என்ஜின் அதையே குடித்துக்கொண்டு கட்டுப்பாடின்றி வேகமெடுக்கக்கூடும். அப்போது எரிபொருளை நிறுத்திப் பயனில்லை, காற்றைத்தான் நிறுத்த வேண்டும். அதைக் கையால் பொத்த முயல்வது பெரும் ஆபத்து.

முதலில் ஒரு சிலிண்டர் மட்டும் பற்றியது. வெள்ளைப் புகையோடு தடுமாறிச் சற்று நேரத்தில் மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன. அந்த நேரத்தில் பார்க்கவேண்டியவை ஆயில் அழுத்த விளக்கு அணைகிறதா என்பதும், புகைக்குழாயிலிருந்து நீர் விட்டுவிட்டுத் துப்பப்படுகிறதா என்பதுமே. இரண்டில் எது தவறினாலும் உடனே நிறுத்திவிட வேண்டும். அரை நிமிடத்துக்குள் நீர் வரவில்லை என்றால் புது இம்பெல்லரும் புகைக்குழாயின் ரப்பரும் வெந்துபோகும். குளிர்ந்த என்ஜினில் வெள்ளைப் புகை இயல்பு, அது எரியாத டீசல். என்ஜின் சூடானதும் மறைய வேண்டும். நீலம் மறையாமல் நின்றால் ஆயில் எரிகிறது; நெடுநாள் கிடந்த என்ஜினில் ஒட்டியிருந்த வளையங்கள் இளகும்வரை சிறிது நீலம் வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சூடானதும் நிறுத்தி, கழுவும் ஆயிலை உறிஞ்சி எடுத்து, புது ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கூலன்ட் மட்டத்தையும் எல்லா இணைப்புகளையும் மீண்டும் பார்த்தேன். அதன்பின் கட்டிய இடத்திலேயே சும்மா ஓடவிடுவதை நான் தவிர்த்தேன். சுமையில்லாமல் நெடுநேரம் ஓடும் டீசலில் சிலிண்டர்ச் சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகி, வளையங்கள் ஆயிலை வழிக்க முடியாமல் போகும். கயிறுகளை இரட்டிப்பாகக் கட்டிக் கியரைப் போட்டு, சுமையில் வேகத்தைப் படிப்படியாக ஏற்றியபோது, கையேடு சொன்ன உச்ச வேகத்துக்குச் சற்றுக் கீழே என்ஜின் நின்றது; புகையும் கருத்தது. புரொப்பல்லரில் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் அப்பியிருந்ததே அதற்குக் காரணம். நீருக்குள் இறங்கிச் சுரண்டியபின் வேகமும் ஏறியது, புகையும் தெளிந்தது. எஞ்சியிருப்பது, புரொப்பல்லர் தண்டை என்ஜினோடு ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தும் நேர்ப்பாடு. என்ஜினுக்கு அடியில் ஆயிலில் ஊறிய பழைய ரப்பர்த் தாங்கிகளை மாற்றி, படகு நீரில் மிதக்கும் நிலையிலேயே இரு இணைப்புத் தட்டுகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜை வைத்து, சுற்றிலும் இடைவெளி வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்குள் வரும்வரை தாங்கிகளின் நட்டுகளைச் சரிசெய்ய வேண்டும். புதிய தாங்கிகள் சுமையில் சற்று அமுங்கி நிலைக்கும் என்பதால், சில நாள் ஓடியபின் அதே அளவை மீண்டும் ஒருமுறை எடுக்கவும் வேண்டியிருக்கும்.